எந்த ஆமை என்று முதலில் கேளுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் அடையாற்றில் தண்ணீர் ஏறும்போது கரையோரத் தெருக்களுக்குள் ஆமை வருவதைச் சென்னைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். கோட்டூர்புரம் போன்ற ஆற்றங்கரைப் பகுதிகளில் மாடிப்படிக்கு அடியிலோ, வண்டி நிறுத்துமிடத்தின் மூலையிலோ ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். யாராவது பார்த்துக் குரல் கொடுத்தால் வாளியும் சாக்கும் வந்துவிடும். “ஆமை புகுந்த வீடு உருப்படாது, சீக்கிரம் கொண்டுபோய்த் தண்ணியில விட்டுட்டு வாங்கப்பா” என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார். பையன்கள் அதை ஆற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிட்டு வருவார்கள். அடிக்காமல், கறிக்கு விற்காமல் உயிரோடு விடுகிறார்களே என்ற வகையில் அது நல்ல காரியம்தான். ஆனால், அந்த நேரத்தில் எல்லோரும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாருமே கேட்பதில்லை. இது எந்த ஆமை?

கேட்காததால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். அது பாலாமையாக இருந்தால் குளத்தில் விட்டது சரி. நட்சத்திர ஆமையாக இருந்தால், காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதைக் கொன்றிருக்கிறோம். கடையில் வாங்கி வளர்த்துச் சலித்துப்போன யாரோ வெளியே விட்ட அமெரிக்க ஆமையாக இருந்தால், அந்தக் குளத்தில் ஏற்கெனவே வாழும் நம் ஊர் ஆமைகளுக்குப் போட்டியாக ஓர் அயலானைக் குடிவைத்திருக்கிறோம். செய்யும் கையும் மனமும் ஒன்றே. எந்த ஆமை என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது. உயிரினப் பாதுகாப்பு இரக்கத்தோடு தொடங்கலாம். இனம் காணும் அறிவு சேராவிட்டால் அந்த இரக்கமே சில நேரம் கேடு செய்துவிடும்.

இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். சென்னை நகரத்துக்குள் கண்ணில் படக்கூடிய ஆமைகளில் நான்கை அறிந்துகொண்டால் போதும். பாலாமையின் ஓடு மேலே தோல் போர்த்தது போல வழவழப்பாக இருக்கும். புரட்டிப் பார்த்தால் பின்னங்கால்களை உள்ளே வைத்து மூடிக்கொள்ள இரண்டு மடிப்புகள் தெரியும். ஏரியும் குளமும் வயல் வாய்க்காலும் அதன் வீடு. கோடையில் நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை பெய்ததும் வெளியே கிளம்பும். கருப்பு ஆமைக்கு ஓடு கெட்டியானது. முதுகில் நீளவாக்கில் மூன்று முகடுகள் ஓடும். நீரில் வாழ்ந்தாலும் இரை தேடவும் முட்டையிடவும் நிலத்துக்கு வரும். இரண்டுக்குமே விரல்களுக்கு இடையில் சவ்வு உண்டு.

நட்சத்திர ஆமை முற்றிலும் வேறு. உயரக் குவிந்த ஓடு. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் மஞ்சள் புள்ளி. அதிலிருந்து நாலாபுறமும் மஞ்சள் கோடுகள் விரியும். கால்களைப் பாருங்கள்: யானையின் காலைப் போல உருண்டு திரண்டிருக்கும், துடுப்புப் போடும் சவ்வு இருக்காது. புல்லும் புதரும் மண்டிய வறண்ட காட்டில் நடந்து, புல்லும் இலையும் உதிர்ந்த பழமும் தின்று வாழும் பிராணி அது. நீந்தப் பிறந்ததல்ல. செங்குத்தான படிக்கட்டு உள்ள கோயில் குளத்தில் அதைப் போட்டால் ஏறி வர வழியில்லை. நான்காவது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள சிவப்புக்காது ஆமை. வட அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையிலிருந்து உலகம் முழுக்க விற்பனைக்குப் போன இனம். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைக் குஞ்சாக மீன் தொட்டிக் கடையில் வாங்குகிறார்கள். சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் பக்கத்து நீர்நிலையில் விட்டுவிடுகிறார்கள். அழகுக்காக வாங்கப்பட்ட இந்த ஆமை இன்று பல நாடுகளில் உள்ளூர் ஆமைகளை நெருக்கும் அயல் இனங்களில் முன்வரிசையில் நிற்கிறது.

இனம் காண்பதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கோட்டூர்புரத்திலிருந்து சர்தார் படேல் சாலையைக் கடந்தால் கிண்டிக் காடு. அதன் ஓரத்தில் பாம்புப் பண்ணை. தென்னிந்தியக் காட்டு ஆமைகளைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு முக்கியமான பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பிறந்தது. அந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படவே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன், அதற்கு முன்பு கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர். நண்டு வகைகளை ஆராய்ந்து பேர் பெற்றவர். அவரிடம் கொச்சி சமஸ்தானக் காட்டிலிருந்து, சாலக்குடிக்கு மேலே உள்ள கவளை என்ற இடத்தின் அருகே பிடிபட்ட இரண்டு சிறிய ஆமைகள் வந்து சேர்ந்தன. பரம்பிக்குளத்துத் தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காக 1907 முதல் ஓடிய காட்டு டிராம் பாதை அந்த வழியாகத்தான் சென்றது. காட்டை வெட்டப் போட்ட பாதையின் ஓரத்திலேயே, காட்டை விட்டு எங்கும் வாழாத ஓர் உயிர் அறிவியலின் கண்ணில் பட்டது. 1912ஆம் ஆண்டு ஹெண்டர்சன் அதைப் புதிய இனம் என்று அறிவித்து, காட்டுக்குரியது என்ற பொருளில் ‘சில்வாட்டிகா’ என்று பெயர் சூட்டினார். தமிழில் பிரம்பு ஆமை என்கிறோம்.

அதன்பின் எழுபது ஆண்டுகள் ஒன்றுமில்லை. அந்த இரண்டு மாதிரிகளுக்கு மேல் மூன்றாவது ஆமை எந்த ஆய்வாளர் கையிலும் சிக்கவில்லை. அது என்ன தின்கிறது, எப்போது முட்டையிடுகிறது, நீரில் வாழ்கிறதா நிலத்திலா, இன்னும் உயிரோடு இருக்கிறதா இல்லையா என எதுவும் தெரியாது. இந்த எழுபது ஆண்டுகளில் ஆனைமலை, சாலக்குடிப் பக்கத்துக் காடுகள் என்ன பாடுபட்டன என்பதை நினைத்துப் பாருங்கள். தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன. இயற்கைக் காடு தேக்குத் தோட்டமானது. அங்கே இப்படி ஓர் ஆமை வாழ்கிறது, அதற்கு நிழலும் ஈரமும் மக்கிய சருகும் வேண்டும் என்று சொல்லி வாதாட யாரிடமும் எந்தத் தகவலும் இல்லை. காகிதத்தில் பெயர் மட்டும் இருந்தது.

1982ஆம் ஆண்டு அந்த மௌனத்தை உடைத்தவர் ஜே. விஜயா. எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோதே கிண்டிப் பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராக வந்து சேர்ந்த பெண். ரோமுலஸ் விட்டேக்கர் 1969இல் சேலையூரில் தொடங்கி 1972இல் கிண்டிக்குக் கொண்டுவந்த பண்ணை அது. பாம்பும் ஆமையும் ஆண்களின் துறை என்று கருதப்பட்ட நாளில், இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று பின்னாளில் பெயரெடுத்த விஜயா இங்கிருந்துதான் கிளம்பினார். ஆமைச் சந்தைகளையும் ஆமைக் கறி வணிகத்தையும் தேடி நாடெங்கும் சுற்றினார். மேற்கு வங்கத்தின் திகா கடற்கரையில் பங்குனி ஆமைகள் கொன்று குவிக்கப்படுவதை அவர் எடுத்த படங்கள் இந்தியா டுடே இதழில் வெளிவந்தன. அதைத் தொடர்ந்து பிரதமர் இந்திரா காந்தி கடலோரக் காவல்படையை ஆமைப் பாதுகாப்பில் இறக்கினார். இருபத்து நான்கு வயதைத் தாண்டாத ஒரு பெண் செய்த வேலை இது.

பிரம்பு ஆமையைத் தேடி விஜயா சாலக்குடிக் காட்டுக்குப் போனார். அதைக் காட்டிக் கொடுத்தவர்கள் அங்கே வாழும் காடர் பழங்குடியினர். அறிவியல் எழுபது ஆண்டுகள் தொலைத்திருந்த ஆமை அவர்களுக்கு ஒரு நாளும் தொலைந்திருக்கவில்லை. கண்டெடுத்ததோடு விஜயா திரும்பிவிடவும் இல்லை. காட்டிலேயே தங்கி அதன் வாழ்க்கையைக் கவனித்துக் குறித்தார். அது தண்ணீருக்குள் இறங்கி வாழும் ஆமை அல்ல, ஈரமான காட்டுத் தரையில் சருகுக்கு அடியில் பதுங்கி வாழ்வது என்பது அப்போதுதான் தெளிவானது. 13 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சிறிய ஓடு, முதுகில் மூன்று முகடுகள், காய்ந்த இலையோடு கலந்துவிடும் பழுப்பு நிறம். தலையை நீட்டினால் தாடையில் மஞ்சளும் மூக்கு நுனியில் சிவப்புப் பொட்டும். உதிர்ந்த பழம், இலை, நத்தை, மரவட்டை என்று தரையில் கிடைப்பதையெல்லாம் தின்னும். விஜயாவும் அமெரிக்க ஆமை ஆய்வாளர் எட்வர்ட் மோலும் பிரயன் குரூம்பிரிட்ஜும் சேர்ந்து 1986இல் இந்த இனத்தைப் பற்றி விரிவான மறுவிளக்கக் கட்டுரையை எழுதினார்கள். ஹெண்டர்சன் எழுதியதற்கு 74 ஆண்டுகள் கழித்து, அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் உயிருள்ள பிராணி வந்து நின்றது.

அடுத்த ஆண்டே, 1987இல், விஜயா இறந்துவிட்டார். வயது 28. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பீட்டர் பிராஷாக் உள்ளிட்ட ஐரோப்பிய ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்து, பிரம்பு ஆமை உலகின் வேறெந்த ஆமையோடும் ஒரே பேரினத்தில் அடங்காது என்று கண்டார்கள். அதற்கென்றே ஒரு புதிய பேரினத்தை உருவாக்கி ‘விஜயகெலிஸ்’ என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்று அந்த ஆமை உலக அறிவியலில் ‘விஜயகெலிஸ் சில்வாட்டிகா’. பெயரின் இரண்டாம் பாதியைத் தந்தது எழும்பூர், முதல் பாதியைத் தந்தது கிண்டி. இதைச் சொல்லும் ஒரு பலகையாவது இந்த இரண்டு இடங்களிலும் கண்ணில் படும்படி நிற்க வேண்டாமா? சென்னைப் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம் இடம் பெற வேண்டாமா? கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு வரும் ஒரு சிறுமிக்கு, பக்கத்திலேயே வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரில் ஓர் ஆமை நடமாடுகிறது என்பது தெரிந்தால் அவள் வேறு மாதிரி கனவு காண்பாள்.

இனம் காண்பதில் ஏற்படும் குழப்பம் கோட்டூர்புரத்துப் பையன்களுக்கு மட்டும் உரியதல்ல. அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனைமலையில், வால்பாறை, டாப்சிலிப் பக்கத்துக் காடுகளில் வாழும் திருவிதாங்கூர் ஆமையைப் பாருங்கள். 1907இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. 1984இல் இரண்டு ஆய்வாளர்கள், இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் ஆமையும் இதுவும் ஒன்றே என்று முடிவுகட்டினார்கள். இரண்டுக்கும் கழுத்துக்கு மேலே உள்ள சிறிய தகடு இல்லாதது அவர்களுக்குப் பெரிய ஒற்றுமையாகப் பட்டது. வங்கக் கடலைத் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு தீவின் ஆமையும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆமையும் ஒரே இனம் என்றால், இங்கே அழிந்தாலும் அங்கே இருக்கிறது என்று அலட்சியமாக இருக்க வழி பிறக்கும். 2001இல் மரபணு ஆய்வு அந்தக் கருத்தைத் தகர்த்தது. திருவிதாங்கூர் ஆமை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனி இனம், இங்கே தொலைந்தால் பூமியிலேயே தொலைந்தது என்று உறுதியானது. அந்தக் கட்டுரை வெளியான ‘ஹமாட்ரையட்’ இதழ் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து வெளிவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகரத்துக்குத் திரும்புவோம். இங்கே அவசரம் நட்சத்திர ஆமைக்குத்தான். உலகில் சட்டவிரோதமாக மிக அதிகம் கடத்தப்படும் ஆமைகளில் ஒன்று அது. ஆந்திர, கர்நாடக எல்லையில் உள்ள ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2009 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரையிலான பத்தாண்டுகளில் இந்தியாவில் குறைந்தது 1,11,310 ஆமைகள் சட்டவிரோத வணிகத்தில் சிக்கியதாக, வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அவற்றில் ஏறத்தாழப் பாதி நட்சத்திர ஆமைகள். கடத்தல் மையங்களாக அந்த அறிக்கை சுட்டிய நகரங்களில் சென்னையும் ஒன்று. விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணியில் சுற்றி, வாயையும் காலையும் அசைக்க முடியாதபடி ஒட்டு நாடாவால் கட்டி அடுக்கிய குஞ்சுகளைச் சுங்கத்துறை பிடித்ததாகச் செய்தி வருவதும், இரண்டு நாளில் அது மறந்துபோவதும் வழக்கமாகிவிட்டது.

சட்டம் முன்பைவிட இறுகியிருக்கிறது. 2019இல் ஜெனீவாவில் நடந்த, வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த மாநாட்டில் நட்சத்திர ஆமை முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டு, பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு நான்காம் அட்டவணையில் கிடந்தது, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதல் அட்டவணைக்கு வந்தது. வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். அதிர்ஷ்டம் வரும் என்று வரவேற்பறையில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஆனால், பிடிபட்ட பிறகு அந்த ஆமைகளுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் நம் கவனம் போதவில்லை. பத்திரிகைச் செய்தியில் எண்ணிக்கை வரும், மதிப்பு இத்தனை லட்சம் என்று வரும். அவை எந்தக் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை என்பது வராது. நட்சத்திர ஆமை ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட நிலத்திலும் உண்டு, ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. தோற்றத்தில் ஒன்றுபோலிருந்தாலும் நீண்ட காலம் தனித்தனி நிலத்தில் வாழ்ந்தவை. சிங்கப்பூரில் பறிமுதலாகி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நட்சத்திர ஆமைகளின் பூர்விகத்தைக் கண்டறிய ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் அவற்றின் மரபணுவை ஆராய வேண்டியிருந்தது. 2006இல் அந்த ஆய்வு வெளியானது. இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று ஆராய்ச்சியாக இருந்தது இன்று நடைமுறையாகியிருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆமைகளை, அதுவும் கூட்டமாக அடைபட்டு நோய் தொற்றியிருக்கக்கூடிய ஆமைகளை, பசுமையாகத் தெரிகிறதே என்று ஏதோ ஒரு காட்டில் விடுவது அங்கே ஏற்கெனவே வாழும் ஆமைகளுக்குச் செய்யும் தீங்கு.

வண்டலூரில் தமிழக வனத்துறையின் மேம்பட்ட வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. சென்னையில் பிடிபடும் ஒவ்வொரு நட்சத்திர ஆமையிடமிருந்தும் மாதிரி எடுத்து, பூர்விகத்தைக் கண்டறிந்து, நோய்ச் சோதனை முடித்து, அதற்குரிய நிலத்தில் விடுவது என்ற ஒழுங்கை அங்கிருந்தே தொடங்கலாம். இதற்கான செலவு, கடத்தல்காரர்களைப் பிடிக்க ஆகும் செலவில் சிறு பகுதிதான். வழக்குக்கும் அது உதவும். ஆமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிடித்தவன் எந்த ஊரில் பிடித்தான் என்பதும் தெரியும். பெட்டியைத் தூக்கி வந்த கூலியாளோடு வழக்கு முடிந்துவிடாது.

கிண்டிக் காட்டின் மதிப்பை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நகரத்துக்கு நடுவே இருக்கும் மிகச் சிறிய தேசியப் பூங்கா. வெளிமானையும் புள்ளிமானையும் பார்க்கத்தான் மக்கள் வருகிறார்கள். தரையோடு ஊரும் நட்சத்திர ஆமைக்கும் அது வீடு. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் பரந்திருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. காரை, களா, சூரை போன்ற முட்புதர்களும் இடையே புல்வெளியும் கலந்த அந்தக் காடு அழகுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட பூங்கா அல்ல, அப்படி ஆகவும் கூடாது. புதரை வெட்டிச் சுத்தம் செய்து, வேகமாக வளரும் நிழல் மரங்களை நட்டு, புகைப்படத்துக்கு ஏற்றபடி ஆக்கினால் பார்வையாளர் மகிழலாம். ஆமைக்கு ஒளிய இடமும் இரையும் போய்விடும். சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் அகற்றும்போதும், அவற்றின் இடத்தில் நம் ஊர்ப் புதரும் புல்லும் திரும்ப வர வழி செய்ய வேண்டும்.

கோட்டூர்புரத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. அடையாற்றங்கரையில் பொதுப்பணித்துறைக்குச் சொந்தமான, குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த நிலத்தை ‘நிழல்’ அமைப்பும் பகுதி மக்களும் சேர்ந்து 2006 முதல் மரப்பூங்காவாக மாற்றினார்கள். நம் மண்ணின் மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டு, தேர்ந்து நட்டார்கள். அந்தப் பகுதியில் வளர்ந்த பிள்ளைகள் பலர் மகிழத்தையும் புன்னையையும் பிரித்துச் சொல்வார்கள். மரத்துக்குச் செய்ததை ஆமைக்கும் செய்ய முடியும் என்று நான் நம்புவதற்கு அந்தப் பூங்காதான் காரணம்.

ஆற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க அடையாற்றின் கரைகளில் செங்குத்தான கான்கிரீட் சுவர் எழுப்புவதை மக்கள் வரவேற்கிறார்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் ஆறு புகுந்ததைப் பார்த்த கோட்டூர்புரத்துக்காரர்களிடம் சுவர் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை, அது நியாயமும் அல்ல. ஆனால் கருப்பு ஆமையும் பாலாமையும் முட்டையிட மண் கரைக்கு ஏறியாக வேண்டும். நீள நெடுக எங்கும் ஏற முடியாத சுவராக இருந்தால், நீரில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அடுத்த தலைமுறை ஆமை இல்லை. சுவருக்கு நடுநடுவே சரிவான மண் கரையை விட்டுவைப்பது பொறியாளர்களால் முடியாத வேலை அல்ல. ஆற்றுச் சீரமைப்புத் திட்ட வரைபடத்தில் ஆமை என்ற உயிர் இருக்கிறதா என்று அவர்களைக் கேட்க வேண்டியது நாம்.

எந்த ஆமை என்று அறிந்து காப்பதைக் கடலாமை விஷயத்தில் சென்னை சாதித்துக் காட்டியிருக்கிறது. பாம்புப் பண்ணைக்காரர்கள் எழுபதுகளில் தொடங்கிய இரவு நடையை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஏற்று, நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை ஆண்டுதோறும் கடற்கரையில் நடக்கிறது. இந்தியக் கடற்கரையில் நெடுந்தொலைவு நடந்தே கடலாமைகளைக் கணக்கெடுத்த சதீஷ் பாஸ்கர், கோட்டூர்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐ.ஐ.டி.யில் படித்தவர். இவர்கள் எல்லோருடைய உழைப்பின் பலனாக, 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது நகரமே கொதித்தது. பள்ளிப் பிள்ளைக்குக்கூட அது என்ன ஆமை, ஏன் செத்தது, இழுவை வலைக்கு என்ன விதி என்று தெரிந்திருந்தது. அடையாற்றில் நூறு பாலாமைகள் செத்து மிதந்தால் அப்படி ஒரு கொதிப்பு எழுமா? எழாது. அது எந்த ஆமை என்று சொல்லத் தெரிந்தவர்களே நம்மிடம் குறைவு. அதே குழுக்களும் அதே கல்லூரிகளும் மழைக்காலத்தில் குளத்தாமைக்கும் நிலத்தாமைக்கும் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினால், ஐந்து ஆண்டுகளில் நகரத்துக்கு ஓர் ஆமை வரைபடம் கிடைத்துவிடும்.

மாநில அரசு உயிரினப் பாதுகாப்பில் அண்மைக் காலத்தில் நல்ல முனைப்பைக் காட்டுகிறது. வரையாட்டுக்கு 25 கோடி ரூபாயில் தனித் திட்டம், கடவூரில் தேவாங்குக்குச் சரணாலயம், பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்குப் பாதுகாப்பகம். முள்ளெலியையும் கழுதைப்புலியையும்கூட அரசு கவனிக்கத் தொடங்கிவிட்டது. இந்த வரிசையில் நிலத்தாமை ஏன் இல்லை? ஆனைமலையின் பிரம்பு ஆமைக்கும் திருவிதாங்கூர் ஆமைக்கும், சமவெளியின் நட்சத்திர ஆமைக்கும் சேர்த்து ஒரு திட்டம் வேண்டும். காடர்களை வழிகாட்டிகளாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊதியம் பெறும் கண்காணிப்பாளர்களாகவே அதில் சேர்க்க வேண்டும். விஜயாவுக்குக் கிடைத்த அறிவில் பாதி அவர்களுடையது. காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், சுங்கத்துறை, கால்நடை மருத்துவமனை ஆகியவற்றின் சுவரில் தமிழ்நாட்டு ஆமைகளின் படமும் காலடையாளமும் உள்ள தமிழ்ப் பலகை ஒன்று தொங்க வேண்டும். மழைக்காலத்தில் ஆமையோடு மக்கள் போய் நிற்பது அங்கேதான்.

இந்த மழையில் உங்கள் வாசலுக்கு ஓர் ஆமை வந்தால் வாளியைத் தேடுவதற்கு முன் அதன் காலைப் பாருங்கள். சவ்வு இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். முதுகையும் அடிப்பக்கத்தையும் காலையும் கைபேசியில் படமெடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நிழலில் ஒரு பெட்டிக்குள் வையுங்கள். எந்த ஆமை என்று தெரியும்வரை தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.